ஐந்தாம் நம்பர் கால்

“அப்ரோச் அசிஸ்டண்ட், பாறைப் பிரிவு. மலையேற்றத்தில் அடிப்படைப் பயிற்சி பெற்றவர். வயது முப்பத்தைந்துக்குள். நல்ல உடல்திறன் உடையவர், உயரத்துக்கு அஞ்சாதவர். குழுவினரைச் செங்குத்துப் பாறையின் அடிவாரம் வரை பாதுகாப்பாக வழிநடத்தத் தக்கவர்.”

தவிட்டுப்பாறை சாகச மையத்தின் பணியாளர் பதிவேட்டில் இப்படி விவரிக்கப்பட்டிருக்கும் பெண்ணின் பெயர் சற்குணம். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்றாம் மாடியிலிருந்து கீழே பார்க்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அவருடைய வலது முழங்கால் மழையை ஒரு நாள் முன்பே அறிவித்துவிடும். அவர் பெற்ற ஒரே பயிற்சி, ஈர்க்குமாற்றை எப்படிச் சாய்த்துப் பிடித்தால் சரளை நகராமல் சருகு மட்டும் வரும் என்பது; அதையும் அவரே கற்றுக்கொண்டார். அதற்காகப் பதிவேட்டை முழுப்பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ஒன்பது வருஷம் எட்டு மாதமாக, நாளுக்கு இரண்டு தடவை, பாறையின் அடிவாரம் வரை நடந்து போய்த் திரும்புகிற ஒரே ஊழியர் அவர்தான். பயிற்சி பெற்றவர்கள் எல்லாம் பாதி தூரம் ஜீப்பில் போகிறவர்கள்.

எல்லாக் குழப்பத்துக்கும் ஒரு சொல்தான் காரணம். திருவனந்தபுரத்தில் அப்ரோச் என்றால் ரோடு. பாலம் கட்டி, பெயின்ட் அடித்து, விளக்கும் போட்டான பிறகு இரண்டு முனையிலும் பள்ளமாகவே கிடக்குமே, அங்கே வரவேண்டிய ரோடு. தேர்தலுக்குத் தேர்தல் அதைப் பற்றிப் பேசிப் பேசி, பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவருக்கும் அந்த இங்கிலீஷ் வார்த்தை இங்கே மனப்பாடம். சாகச மையத்தை நடத்துகிற கூட்டுறவுச் சங்கம் சற்குணத்தை வேலைக்கு எடுத்தது, மெயின் ரோட்டிலிருந்து பாறைக்குப் போகும் அப்ரோச் ரோட்டைக் கூட்டுவதற்கு. ‘அப்ரோச் ரோடு ஸ்வீப்பிங் அசிஸ்டண்ட்’ என்று எழுதப் பதிவேட்டின் கட்டத்தில் இடம் போதவில்லை. குமாஸ்தா நடுவிலிருந்த இரண்டு வார்த்தைகளை விட்டுவிட்டார். பாறை ஏறுகிறவர்களின் பாஷையில் அப்ரோச் என்பது வேறு: பாறையடிக்குப் போய்ச்சேரும் கரடுமுரடான நடை. பிற்பாடு, எல்லாப் பதவிக்கும் தகுதி விவரம் எழுதித் தருவதற்கென்று வந்த ஆலோசகர் அந்த பாஷைக்காரர். சற்குணத்தைப் பார்க்காமல் பதவியின் பெயரைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதை யாரும் திருத்தவில்லை. திருத்தினால் யாரோ ஒருவர் தவறு செய்ததாக ஆகிவிடும். சங்கத்தில் அப்படிப்பட்டவர் யாரும் இல்லை.

இந்த வருஷம் மழைக்கு முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வேறெங்கோ ஒரு பூங்காவில் யாரோ வழுக்கி விழுந்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார், பாறைப் பிரிவு ஊழியர் ஒவ்வொருவரும் உரிய காலணியோடு தங்கள் வேலையைச் செய்துகாட்ட வேண்டும், காட்டாதவர்கள் நீக்கப்படுவார்கள். மையத்தின் மேனேஜர் மஹேஷ் திங்கட்கிழமை காலையில் சற்குணத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

“சேச்சிக்கு அப்ரோச் ஷூ உண்டோ?”

“எனக்கு ரப்பர் செருப்புதான் சாரே. அதும் வாரு போச்சு.”

“அது போரா, பத்தாது. வெள்ளியாழ்ச்ச ஆளு வரும். சேச்சி அந்தச் சரிவுப் பாறையில ஏறிக் காணிக்கணும். கடையில போய் ஒரு ஷூ மேடிச்சோ.”

சற்குணம் சிரித்தார். மஹேஷ் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“நான் ரோடு கூட்டுறவளாக்கும். அத அப்படியே எழுதிப் போட்டா போதுமே சாரே.”

மஹேஷ் இரக்கமுள்ளவர். அதனால்தான் விளக்கிச் சொன்னார். பதவியை மாற்றி எழுதினால் அது புதிய நியமனம். புதிய நியமனம் என்றால் பழைய ஒன்பது வருஷம் எட்டு மாதம் கணக்கில் வராது. கணக்கில் வராவிட்டால் குடும்பத்துக்கான மருத்துவ அட்டை இந்த மாதத்தோடு முடியும். மறுபடியும் கிடைக்க ஒரு வருஷம் ஆகும்.

அந்த அட்டையில் இருந்தது ஒரே ஒரு பெயர்தான். ஜெபசிங், சற்குணத்தின் கணவர், முன்னாள் ஆட்டோ டிரைவர். இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஒரு வருஷம் காத்திருப்பது அட்டைக்கு முடியும், அவருக்கு முடியாது. ஒரு வாரமே அதிகம்.

“அந்த ஷூ எப்படி இருக்கும் சாரே?” என்று கேட்டார் சற்குணம்.

உண்மையில் அந்தக் கேள்விக்கு மையத்திலேயே மிகச் சரியாகப் பதில் சொல்லக்கூடியவர் அவர்தான். வாடகைக்குப் போய்த் திரும்பும் ஷூக்களைத் தேய்த்துக் காயவைப்பதும் அவர் வேலை. எது குழியெல்லாம் சரளை அடைத்துக்கொண்டு வரும், எது முன்நுனியில் கறுப்பாகத் தேய்ந்து வரும் என்பது கைக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது. பயிற்சியாளன் சிபி அன்று மத்தியானம் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தான். பாறசாலைப் பக்கத்துக்காரன், இரண்டு பாஷையையும் ஒரே மூச்சில் பேசுவான்.

“இஞ்ச நோக்கு சேச்சி. அடியில பின்பக்கம் பல்லு இருக்கணும், அது மண்ணுக்கு. முன்பக்கம் விரலுக்குக் கீழ மட்டும் வழுவழுன்னு இருக்கணும், அது பாறைக்கு. ரப்பர் மெத்துனு ஒட்டணும். கயிறு விரலுகிட்ட இருந்தே கட்டுற மாதிரி வேணும். உள்ள கால் லூசா ஆடிக் களிக்கக் கூடாது.”

“களிச்சா?”

“ஷூ பாறையில நிக்கும், சேச்சி மட்டும் வழுக்கும்.”

“விரலுக்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தானே மக்கா மேடிக்கணும்? எங்கம்மா எப்பவும் ஒரு நம்பர் கூட்டித்தான் எடுப்பா.”

“அது பள்ளிக்கூடத்துக்கு. இது பாகமாயிருக்கணும். விரல் நுனி முட்டவும் கூடாது, அலையவும் கூடாது. சாயங்காலம் போய் எடுங்க, பகல் முழுக்க நடந்தா கால் வீங்கியிருக்கும். பின்ன, கடையில சரிவு ஏதாவது இருந்தா அதில நின்னு பார்க்காம எடுக்கண்டா.”

சற்குணம் மையத்தில் இருந்த ஒரு ஷூவின் மெத்தென்ற ரப்பர் அடியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகம் பதிந்து, அந்தக் குழி மெல்ல மறைந்தது. சரி, இதுதான் என்று மனதில் வைத்துக்கொண்டார். மையத்தின் அலமாரியில் அவர் காலுக்கு ஆகிற ஜோடி இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று நாலாம் நம்பர் வரையும், பெரியவர்களுக்கென்று ஏழிலிருந்தும் சங்கம் வாங்கியிருந்தது. சற்குணத்தின் கால் ஐந்து. ஐந்தும் ஆறும் யாருடைய கால் என்று சங்கம் யோசித்த மாதிரி தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெபசிங்கை டயாலிசிஸ் மெஷினில் சேர்த்துவிட்டு, அந்த நாலு மணி நேரத்தில் தம்பானூர்ப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெரிய கடைக்குப் போனார். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ரோஸ் நிறத்தில் ஒரு ஷூவைக் கொண்டுவந்து வைத்தார்.

“மேடம், லேடீஸ் ட்ரெக்கிங்கில இதுதான் இப்ப மூவிங்.”

சற்குணம் அதைக் கவிழ்த்து நகத்தால் அழுத்தினார். நகம்தான் வளைந்தது.

“மேடம், நகம் வைக்கண்டா.”

“இது பாறையில வழுக்கும்.”

“பாறையிலயா? மேடம் வாக்கிங்குக்கு அல்லே?”

வேலையை மதிக்கிறவர்தான், உள்ளே போய் நிஜமான அப்ரோச் ஷூ ஒன்றை எடுத்துவந்தார். முன்நுனி வழுவழுப்பு, பின்னால் பல், விரலிலிருந்தே கயிறு. நகம் பதிந்தது. ஆண்களுக்கானது, ஏழாம் நம்பர்.

“அஞ்சு?”

“அஞ்சு வரூல்ல மேடம். ஏழு தொட்டுத்தான் ஸ்டாக்.”

“பொம்பளைங்க பாறைக்குப் போவ மாட்டாங்கன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?”

“அவங்க ஆன்லைன்ல எடுத்துக்கும். பத்து திவசத்துல வரும்.”

பத்து நாள் சற்குணத்திடம் இல்லை. ஏழையே போட்டுக்கொண்டு, கடைவாசலில் சக்கர நாற்காலிக்காகக் கட்டியிருந்த சரிவில் ஏறி இறங்கினார். ஏறும்போது குதிகால் வெளியே வந்தது. இறங்கும்போது பாதம் முன்னால் போய் முட்டியது. வாசலில் நின்ற செக்யூரிட்டி, இந்தச் சரிவை இவ்வளவு அக்கறையாக இதுவரை யாரும் உபயோகித்ததில்லை என்கிற மாதிரி பார்த்தார். நாலாவது தடவை ஏறியபோது சற்குணத்துக்கு அழுகை வந்துவிட்டது. ஷூவைக் கழற்றித் துடைத்து, கயிற்றை இருந்தபடியே கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை ஆரியசாலை. அங்கே மொத்தக் காலணிக் கடை வைத்திருக்கும் லிங்கராஜ் வள்ளியூர்க்காரர். அவரிடம் இல்லாதது உலகத்தில் இல்லை என்பது அவருடைய சொந்தக் கருத்து.

“அண்ணாச்சி, அப்ரோச் ஷூ இருக்கா?”

“அக்கா, சொல்லிட்டியள்லா. இதுக்குன்னே ஒரு ரேக்கு போட்டிருக்கேன்.”

“அஞ்சாம் நம்பர்?”

“அஞ்சுதான் ரொம்ப ஓட்டம்.”

அவர் பரணிலிருந்து இறக்கியது இரும்பு மூக்கு வைத்த கறுப்பு பூட்ஸ். ஒன்றுக்கு ஒரு கிலோ இருக்கும்.

“தார் எவ்வளவு கொதிச்சாலும் கால்ல ஏறாது. எந்த அப்ரோச் ரோடு? நம்ம பாலத்துக்கா? போடத் தொடங்கிட்டானுவளா?”

“ரோடு இல்ல அண்ணாச்சி. பாறை.”

“பாறை உடைக்க காண்ட்ராக்டா? அப்பம் இது இன்னும் விசேஷம். இதுமேல ரோடு ரோலரே ஏறினாலும் விரலுக்கு ஒண்ணும் ஆவாது.”

“எனக்குமேல ஒண்ணும் ஏறாது அண்ணாச்சி. நாந்தான் ஏறணும்.”

லிங்கராஜுக்குப் புரியவில்லை. ஆனால் வாடிக்கையாளர் புரியாமல் பேசுவது வியாபாரத்தில் சகஜம். காலில் போட்டுப் பார்க்கச் சொன்னார். பூட்ஸ் கனகச்சிதமாகப் பொருந்தியது. தார் ஊற்றும் பெண்களின் கால் எந்த நம்பர் என்பது கம்பெனிகளுக்குத் தெரிந்திருக்கிறது. பாறை ஏறும் பெண்களுக்குக் கால் உண்டு என்பதுதான் தெரியவில்லை. சற்குணம் அதோடு கடைக்கு வெளியே போய், ஓடை மூடிய சாய்ந்த கல்பலகைமேல் ஒரு காலை வைத்து உடம்பைத் தூக்கினார். அடுத்த கணம் ஆரியசாலைத் தெருவில் உட்கார்ந்திருந்தார். சுமை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். லிங்கராஜ் சோடா வாங்கிவரச் சொன்னார்.

“அக்கா, ரோட்டுக்குள்ள பூட்ஸக் கொண்டு கல்லுல வைக்கியளே.”

அன்று சாயங்காலம் கரமனையில், அக்ரஹாரத் தெருவுக்குப் பின்னால் அவர்கள் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறையில், ஜெபசிங் கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். அவருக்கு நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு, பேச்சுக்கு இல்லை.

“அப்பம் எனக்க கிட்னி இப்ப உனக்க காலில இருக்கு.”

“சிரிக்காதிய. எனக்கு வெப்ராளமா வருது.”

“கூட்டுறவுச் சங்கத்தில கூட்டுறவளுக்கு இடமில்லன்னா, பின்ன என்னத்துக்கு அந்தப் பேரு?” பிறகு குரலை இறக்கி, “விட்டுரு பிள்ளே. கார்டு போனா போகட்டு. நீ அதில ஏறி விழுந்து, ஒரு வீட்டில ரெண்டு நோயாளி வேண்டாம்.”

“போனா நீங்க எங்க போவிய?”

எங்கே போவார் என்பது இருவருக்கும் தெரியும். சற்குணம் அவருடைய வீங்கிய காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்தார். அது ஒன்பதாம் நம்பர். அவர் கால் சிறியதாகவோ தன் கால் பெரியதாகவோ இருந்திருந்தால் அவர் ஷூவையே போட்டுக்கொண்டிருக்கலாமே என்று சற்குணம் யோசித்தார். ஆட்டோ டிரைவருக்கு எதற்கு அப்ரோச் ஷூ என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. அந்த நிலைமையில் இருந்தது அவர் புத்தி.

வியாழக்கிழமை சிபி தன்னுடைய பழைய ஜோடியைக் கொண்டுவந்தான். எட்டு. முன்னால் துணி அடைத்து, இரண்டு காலுறை போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டி சரிவுப் பாறையின் அடியில் நாலடி ஏறினார். ஐந்தாவது அடியில் ஷூ பக்கவாட்டில் திரும்பியது, கால் திரும்பவில்லை. சிபி பிடித்திருக்காவிட்டால் வெள்ளிக்கிழமைக்கு அவசியமே இருந்திருக்காது.

சற்குணம் ஷூ அறைக்குள் போனார். அலமாரியின் அடித்தட்டில் பிள்ளைகள் ஜோடிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து நகம் வைத்துப் பார்த்தார். பழைய மஞ்சள் நாலாம் நம்பர் ஒன்றில் நகம் நன்றாகப் பதிந்தது. கீழே உட்கார்ந்து, காலுறையைக் கழற்றிவிட்டு, பாதத்தை உள்ளே திணிக்க ஆரம்பித்தார். முதலில் குதிகால் போகவில்லை. ஒரு ஸ்பூன் காம்பை வைத்து நெம்பியதும் போயிற்று. விரல் ஐந்தும் உள்ளே மடங்கிக்கொண்டன.

“சேச்சி, இது பற்றில்ல,” என்றான் சிபி. “விரல் மடங்கினா அப்ரோச் ஷூவே அல்ல. நான் சொன்னதுக்கு நேர் எதிரு.”

“நீளுத ஷூ கிடைக்கல மக்கா. மடங்குத விரலு இருக்கு.”

“பத்து நிமிஷம் தாங்க முடியாது.”

“ஏற எத்தன நிமிஷம் ஆவும்?”

“எட்டு.”

“பின்ன என்ன.”

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மதிப்பீட்டாளர் வந்தார். ஜெயன் என்று பெயர், என்ஜினீயர், எல்லோரையும் மரியாதையாக விளித்தார். மரியாதைக்காரர்களிடம் கெஞ்ச முடியாது என்பது மஹேஷுக்குத் தெரியும், முகம் வாடிவிட்டது. காலையில் ஒரு சாரல் பெய்து, பாறையின் கீழ்ப்பாதி காய்ந்தும் மேல்பாதி காயாமலும் கிடந்தது.

“அப்ரோச் அசிஸ்டண்ட் ஆராணு?”

சற்குணம் முன்னால் வந்தார். சேலையைத் தூக்கிச் செருகி, உள்ளே மையத்தின் டிராக் பேன்ட் போட்டிருந்தார். ஜெயன் பதிவேட்டைப் பார்த்தார், சற்குணத்தைப் பார்த்தார், மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். வயதைக் கேட்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கேட்கவில்லை, அவர் சோதிக்க வந்தது காலணியையும் நடையையும் மட்டும்தான்.

சிபி பாதுகாப்புக் கயிற்றைக் கையில் எடுத்தான். ஜெயன் தடுத்தார். கயிறு வேண்டியிருந்தால் அது அப்ரோச் இல்லையே என்றார். விதிப்படி அது சரிதான்.

நாற்பதடிச் சரிவு. மேலே ஒரு தட்டையான இடம். ஓடுகிற பிள்ளைகள் ஓடியே ஏறிவிடுவார்கள். சற்குணம் ஏறத் தொடங்கினார். சிபி சொன்னபடி குதிகாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி, பாறையைப் பார்க்காமல் கால் வைக்கப்போகும் இடத்தைப் பார்த்தார். ஷூ ஒட்டியது. ஒவ்வொரு அடிக்கும் மடங்கிய விரல்களில் ஏதோ முறிகிற மாதிரி ஒரு வலி முழங்கால் வரை வந்து திரும்பியது. பத்தடி. இருபது. இருபத்தைந்தில் காய்ந்த பாறை முடிந்தது. முன்னால் கறுப்பாக நனைந்து கிடந்தது.

அவர் கீழே பார்த்தார்.

பார்த்திருக்கக் கூடாது. கை இரண்டும் பாறையில் ஒட்டிக்கொண்டன. மேலே போகவும் வரவில்லை, கீழே வரவும் வரவில்லை. கர்த்தரைக் கூப்பிட வாய் திறந்தார், வந்தது ஜெபசிங்கின் பெயர், அதுவும் சத்தமில்லாமல். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொரு நிமிஷம். கீழே ஜெயன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். அந்தச் சின்னச் சத்தம் மேலே கேட்டது.

“எழுதண்டா சாரே,” என்றார் சற்குணம், பாறையில் முகத்தை வைத்தபடி. “நான் நிக்கல்ல. மூச்சு விடுதேன்.”

ஜெயன் பேனாவை நிறுத்தினார்.

சற்குணம் வலது காலை எடுத்து ஈரத்தில் வைத்தார். அது அரை அங்குலம் வழுக்கி நின்றது. எடையை மாற்றினார். இடது கால். அழுதுகொண்டே ஏறினார், அழுவது வெளியே தெரியாதபடி மூக்கை உறிஞ்சாமல் ஏறினார். தட்டையான இடத்தில் வயிறு பட விழுந்து, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார்.

இறங்குவது எப்படி என்று சிபி சொல்லித்தந்திருந்தான். அது ஒன்றும் நினைவில் இல்லை. சற்குணம் பாறையில் உட்கார்ந்தார். இரண்டு காலையும் முன்னால் ஊன்றி, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு சாணாக நகர்ந்து வந்தார். டிராக் பேன்ட் கிழிகிற சத்தம் கேட்டது.

“இது எந்தா மெத்தேடு?” என்று ஜெயன் கேட்டார்.

“சிட்டிங் டிசென்ட் சார்,” என்றான் சிபி. “ஈரப் பாறைக்கு.”

மஹேஷ் ஆகாயத்தைப் பார்த்தார். ஜெயன் எழுதிக்கொண்டார். பிறகு குனிந்து சற்குணத்தின் மஞ்சள் ஷூவைக் குதிகாலில் பிடித்து அசைத்துப் பார்த்தார். துளியும் அசையவில்லை. பெரும்பாலானவர்கள் ஒரு நம்பர் கூட்டி வாங்கி விபத்தை விலைக்கு வாங்குகிறார்கள் என்று மஹேஷிடம் சொன்னார். இவர் பொருத்தம் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ‘காலணித் தேர்வு: மிகச் சரி’ என்று எழுதி, பட்டியலில் சற்குணத்தின் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டார். அடுத்த மதிப்பீடு ஒரு வருஷம் கழித்து, கயிற்றில் ஏறிக் காட்டுவதோடு சேர்த்து நடக்கும் என்பதையும் மரியாதையாகத் தெரிவித்தார்.

ஷூவைச் சிபி கத்திரியால் வெட்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது. இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து, ஒன்று பாதி பெயர்ந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சற்குணம் செய்தது இது: பிள்ளைகளின் நாலாம் நம்பர் ஷூவில் நாற்பதடி ஏறினார், உட்கார்ந்தபடி இறங்கினார், காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய், இரண்டு மணிக்குக் கணவரை டயாலிசிஸில் சேர்த்தார்.